அழுத்தத்தை அளந்தால் போதுமா?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண் வைத்தியம் என்றதும் நினைவுக்கு வருவது கண்புரை முகாம்தான். பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ பெஞ்சு போட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, புரை முற்றியவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், லென்ஸ் வைத்து ஊரில் கொண்டுவந்து விடுகிற ஏற்பாடு அது. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் பிறகு லட்சக்கணக்கானோர் இழந்த பார்வையைத் திரும்பப் பெற்றார்கள். இந்த வெற்றி மக்கள் மனத்தில் ஓர் எதிர்பார்ப்பையும் பதித்துவிட்டது: கண்ணில் கோளாறு என்றால் பார்வை மங்கும், மங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஒரே ஆபரேஷனில் சரியாகிவிடும். கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் இந்த மூன்றையும் பொய்யாக்குகிறது. பார்வை மங்கியதாகவே வெகுகாலம் தெரியாது; தெரியவரும்போது போனது போனதுதான்; எந்த ஆபரேஷனும் அதை மீட்டுத் தராது. ஆகவே இந்த நோயில் கண் மருத்துவர் செய்வது மீட்பு வேலையல்ல, காவல் வேலை. காவல் என்றால் பல ஆண்டு வேலை. தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலம் போன்ற ஓர் ஊரில் இந்த நோயால் பார்வை போகாமல் தடுக்க வேண்டுமானால், அழுத்தத்தை அளக்கும் முகாம்களைப் பெருக்குவதைவிட, ஒருமுறை வந்த நோயாளி அடுத்த ஆண்டும் வருவதற்கான ஏற்பாட்டைச் செய்வதே முக்கியம் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

நோயின் இயக்கத்திலிருந்து தொடங்கலாம். கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரக்கிறது. நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டு சேர்வதற்கே கால் மணி நேரமாவது ஆகும். கருவிழியும் அதன் பின்னுள்ள ஐரிஸ் என்னும் நிறத்திரையும் சந்திக்கும் கோணத்தில் ஒரு சல்லடைத் திசு இருக்கிறது. சுரந்த நீர் அதன் வழியே வடிந்து இரத்தக் குழாய்களில் சேர்ந்துவிடும். வரத்து குறையாமல் மதகு மட்டும் தூர்ந்துபோன ஏரியில் நீர் ஏறுவதுபோல, இந்த வடிகால் மந்தமானால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. கோணம் திறந்திருந்தும் சல்லடை அடைபட்டால் அது திறந்த கோண வகை. ஐரிஸ் முன்னால் தள்ளப்பட்டுக் கோணத்தையே மூடிவிட்டால் அது மூடிய கோண வகை. எந்த வகையானாலும் அடி விழுவது பின்பக்கத்தில், பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வட்டில்தான். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் மூளைக்குச் செல்லும் நரம்பிழைகள் ஏறத்தாழ பத்து லட்சம். அவற்றில் கால் பங்குக்கு மேல் அழிந்த பின்னரே பார்வைப் புலச் சோதனையில் குறை தென்படுகிறது என்று இறந்தவர்களின் கண்களை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். மருத்துவக் கருவிக்கே இவ்வளவு தாமதமாகத்தான் தெரிகிறது என்றால், நோயாளிக்கு எப்படித் தெரியும்? ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடுகட்டுகிறது. ஓரப் பார்வை போனாலும் நடுப் பார்வை கடைசிவரை நிற்கிறது. ஊசியில் நூல் கோப்பவர்கூடப் பாதி நரம்பை இழந்தவராக இருக்கலாம்.

இந்த நோயைப் பேச்சுவழக்கில் ‘கண் பிரஷர்’ என்கிறோம். அதனால் அழுத்தம்தான் நோய் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை அவ்வளவு நேரானதல்ல. கண்ணின் இயல்பான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை என்று பாடநூல்கள் சொல்லும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்த புகழ்பெற்ற கணக்கெடுப்பில், கிளாக்கோமா இருந்த கண்களில் பாதிக்கு மேல் முதல் அளவீட்டில் 22க்குக் கீழேதான் இருந்தன. மறுபுறம், அழுத்தம் கூடுதலாக இருந்தும் நரம்பு கெடாத 1,636 பேரை இன்னொரு அமெரிக்க ஆய்வு தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவு வெளியிட்டது. மருந்தே போடாதவர்களில் ஐந்தாண்டில் நோய் வந்தது 9.5 சதவீதத்தினருக்கு மட்டும். மருந்து போட்டவர்களில் 4.4 சதவீதத்தினருக்கு. அதாவது எண் கூடியிருந்தும் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த ஐந்தாண்டில் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கருவிழி தடித்திருந்தால் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகவும், மெலிந்திருந்தால் குறைத்தும் காட்டும் என்பது வேறு. இரத்தச் சர்க்கரை அளவைப்போல ஒரு கோட்டைக் கிழித்து, இந்தப் பக்கம் நோயாளி, அந்தப் பக்கம் நலமானவர் என்று பிரிக்க இங்கே வழியில்லை. அழுத்தம் ஆபத்தின் அளவு; நோய் என்பது நரம்பின் சிதைவு.

அதனால்தான் இந்தத் துறையின் நிபுணர் ஒரு நோயாளிக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார். மரத்துப்போகும் சொட்டு விட்டு, கண்ணாடி பதித்த சிறு லென்ஸைக் கருவிழியில் மெல்ல வைத்து, கோணம் திறந்திருக்கிறதா, குறுகியிருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். நேராகப் பார்த்தால் அந்த மூலை தெரியாது என்பதால்தான் கண்ணாடி. பிறகு கண் பாப்பாவை விரிய வைத்து நரம்பு வட்டைப் பார்க்கிறார்: நடுக்குழி எவ்வளவு அகன்றிருக்கிறது, விளிம்பு எங்கே மெலிந்திருக்கிறது, இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் உண்டா. அடுத்தது ஃபீல்டு டெஸ்ட். இருட்டறையில் தாடையைத் தாங்கியில் ஊன்றி, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் எங்கெங்கோ மங்கலான வெளிச்சப் புள்ளிகள் தோன்றி மறையும். தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். சில புள்ளிகள் யாருக்குமே தெரியாத அளவுக்கு மங்கலானவை என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், “எனக்குக் கண் போய்விட்டது” என்று நோயாளி பாதியிலேயே கலங்கிவிடுவார். முதல்முறை செய்பவர் பெரும்பாலும் தடுமாறுவார். இரண்டாவது, மூன்றாவது சோதனைதான் நம்பத்தக்கது. நோய் எந்த வேகத்தில் போகிறது என்று கணிக்க, முதல் இரண்டு ஆண்டில் ஆறு சோதனைகளாவது தேவை என்பது நிபுணர்கள் வகுத்துள்ள வழிமுறை. ஓசிடி ஸ்கேன் நரம்பிழைப் படலத்தின் தடிப்பை மைக்ரான் கணக்கில் சொல்லும். அதுவும் பழைய ஸ்கேனோடு ஒப்பிடும்போதுதான் முழுப் பயன் தரும். ஆக, ஒருநாள் அளவு ஒரு புள்ளிதான். சிகிச்சையைத் தீர்மானிக்கக் கோடு வேண்டும், கோடு போட அதே நபர் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன? இந்தக் கேள்விக்கு நல்ல ஆதாரம் கிடைக்கும் இந்திய மாநிலங்களில் நம்முடையது ஒன்று. அரவிந்த் மருத்துவமனை மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயதைக் கடந்த 5,150 பேரைச் சோதித்து 2003இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 2.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு வகைக் கிளாக்கோமா இருந்தது. திறந்த கோண வகை உள்ளவர்களில் 93 சதவீதத்தினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அன்றுவரை தெரியாது. ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணாவது அதனால் குருடாகியிருந்தது. சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வு கிராமப்புறத்தில் 1.62, சென்னை நகரில் 3.51 சதவீதத்தினருக்குத் திறந்த கோண வகையைக் கண்டது. மருத்துவமனைகள் நிறைந்த தலைநகரிலேயே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோய் கண்டறியப்படாதவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 15 லட்சத்துக்குச் சற்று மேல். அதில் நான்கு லட்சம் பேராவது நாற்பதைத் தாண்டியவர்கள் என்று கொண்டு, தென்மாவட்ட விகிதத்தைப் பொருத்தினால், இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் இந்த நோயோடு வாழ்கிறார்கள் என்றாகிறது. பெரும்பாலோருக்கு அது தெரியாது.

அப்படியானால் காரிமங்கலம் வாரச்சந்தைக்கு வருகிற எல்லோரையும் நிறுத்திவைத்து அழுத்தத்தை அளந்துவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். நல்லெண்ணத்தில் எழும் யோசனைதான். கணக்குப் போட்டால் நிற்காது. நாற்பதைக் கடந்த ஆயிரம் பேரை அளப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 26 பேருக்கு நோய் உண்டு. 21 என்ற எல்லையை வைத்துப் பார்த்தால் அதில் பாதிப்பேர், அதாவது 13 பேர், சிக்குவார்கள். நோயில்லாத 974 பேரில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு அளவு கூடுதலாக இருந்தால்கூட 49 பேர் வீணாகப் பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைவார்கள். பெயர் குறிக்கப்படும் ஒவ்வொரு ஐந்து பேரிலும் நோயாளி ஒருவர்தான் இருப்பார். இதைவிட மோசமானது, நோயுள்ள மற்ற 13 பேரும் ‘நார்மல்’ என்று எழுதிய சீட்டோடு வீட்டுக்குப் போவது. அந்தச் சீட்டு கையில் இருக்கும்வரை அவர்கள் எந்தக் கண் மருத்துவரிடமும் போகமாட்டார்கள். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவும் அறிகுறியற்ற எல்லோருக்கும் கிளாக்கோமா சோதனை செய்யப் போதிய ஆதாரமில்லை என்றே 2013இலும் 2022இலும் அறிவித்தது.

பொதுச் சோதனை பயன்படாது என்றால் தேடுவதே வீண் என்று பொருளல்ல. தேடும் இடத்தை மாற்ற வேண்டும். நாற்பது தாண்டியதும் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காகவோ, புரை பார்க்கவோ, சர்க்கரைக்கான விழித்திரைச் சோதனைக்கோ எப்படியும் ஒருநாள் கண் மருத்துவரிடம் வருகிறோம். அந்த ஒவ்வொரு வருகையிலும் நரம்பு வட்டைப் பார்த்துவிட்டால் தனி முகாம் தேவையில்லை. கண்ணாடி நம்பர் மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவது கைக்கு வந்த வாய்ப்பை நழுவவிடுவது. இரண்டாவது இடம் குடும்பம். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் ஆய்வில் கிளாக்கோமா நோயாளிகளின் உடன்பிறந்தவர்களில் 10.4 சதவீதத்தினருக்கு நோய் இருந்தது. நோயற்றவர்களின் உடன்பிறந்தவர்களில் 0.7 சதவீதம் மட்டுமே. ஊர் முழுக்க வலைவீசுவதைவிட, நோய் உறுதியான ஒருவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளை அழைத்துவரச் சொல்வது பல மடங்கு பலன் தரும். “உங்களோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்?” என்று கேட்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

வேறு காரணத்தால் வரும் கிளாக்கோமாக்களுக்கும் இந்த வட்டாரத்தில் தனிக் கவனம் வேண்டும். கண் அரிப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருப்பதுண்டு. விட்டதும் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடுவதால், அதே பாட்டிலை மாதக்கணக்கில் வாங்கி விடுவார்கள். வாரக்கணக்கில் தொடர்ந்து விட்டால் மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு ஏறும், நூற்றில் ஐந்து பேருக்கு மிக அதிகமாக ஏறும் என்பது 1960களிலேயே தெரிந்த செய்தி. வெயில் காலம் தோறும் கண் அலர்ஜியால் அவதிப்படும் பள்ளிச் சிறுவர்கள் இதில் பார்வையை இழப்பது முற்றிலும் தவிர்க்கக்கூடிய கொடுமை. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுப் புரை முற்றிப்போனால், வீங்கிய லென்ஸே கோணத்தை அடைத்து, ஒரே இரவில் கடும் வலியையும் வாந்தியையும் கொண்டுவரும். தலைவலி மாத்திரை போட்டுக் காத்திருப்பவர் அந்தக் கண்ணை இழந்துவிடலாம். கட்டுப்படாத சர்க்கரையால் ஐரிஸில் புதுக் குழாய்கள் முளைத்து வடிகாலை மூடும் வகை மிகப் பிடிவாதமானது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதியில் அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது இன்றும் உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு சேரும்போது வரும் பிறவிக் கிளாக்கோமாவுக்கு அதனால் வாய்ப்பு கூடுகிறது. குழந்தையின் கண் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் அழகு என்று மகிழ்வார்கள். கூடவே நீர் வடிந்து, வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க மறுத்தால், ஒரு வாரம்கூடத் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

கண்டுபிடித்தாலும் சிகிச்சையால் பயன் உண்டா? இழந்தது திரும்பாது என்றால் காசு செலவழித்து என்ன ஆகப்போகிறது? நோயாளிகள் கேட்கும் மிக நியாயமான கேள்வி இது. ஸ்வீடனில் ஆரம்பநிலை நோயாளிகள் 255 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வில், ஆறாண்டில் சிகிச்சை பெறாதவர்களில் 62 சதவீதத்தினருக்கு நோய் முன்னேறியது. பெற்றவர்களில் 45 சதவீதத்தினருக்கு. அழுத்தத்தில் குறையும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஆபத்தைச் சுமார் பத்து சதவீதம் குறைத்தது. பிரிட்டனில் 2015இல் வெளிவந்த ஆய்வில், லாட்டனோபிராஸ்ட் சொட்டு விட்டவர்களில் இரண்டாண்டில் பார்வைப் புலம் மோசமானவர்கள் 15.2 சதவீதம், மருந்தில்லாத வெறும் சொட்டு விட்டவர்களில் 25.6 சதவீதம். இந்த எண்கள் சிகிச்சையின் வலிமையையும் எல்லையையும் சேர்த்தே சொல்கின்றன. மருந்து போட்டும் சிலருக்கு முன்னேறுகிறது, போடாமலும் சிலருக்கு நிற்கிறது. யாருக்கு எது என்று முதல் நாளே சொல்ல முடியாததால்தான், ஓர் இலக்கு அழுத்தத்தை வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து அதை மாற்ற வேண்டியிருக்கிறது.

மருந்துச் சீட்டு எழுதுவதோடு வேலை முடிந்ததாக நினைக்கும் இடத்தில் காவல் தளர்கிறது. சொட்டு விடுவது ஒரு கைப்பழக்கம்: தலையைச் சாய்த்து, கீழிமையை இழுத்துப் பை போலாக்கி, பாட்டில் முனை இமையில் படாமல் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விட வேண்டும். மூட்டுவலியுள்ள கை நடுங்கினால் பாதி மருந்து கன்னத்தில் வழிந்துவிடும். டிமோலால் என்னும் சொட்டைப் போடும் முன் ஆஸ்துமா உண்டா என்று கேட்காமல் விட்டால் மூச்சுத் திணறல் வரலாம். இவற்றையெல்லாம் செய்து காட்டி, நோயாளியைத் தன் கையாலேயே ஒருமுறை விடச் சொல்லிப் பார்ப்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

இங்கே எழும் பெரிய ஆட்சேபம் இது: ஆயுள் முழுக்க மருந்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை சோதனை என்பதெல்லாம் நகரத்தாருக்குச் சரி, ஒருநாள் கூலியை இழந்து பஸ் ஏறி வர வேண்டியவருக்கு ஒரே ஆபரேஷனில் முடிப்பதல்லவா நல்லது? இந்த வாதத்துக்குத் தமிழ்நாட்டிலேயே நூற்றாண்டு வரலாறு உண்டு. 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1904 முதல் 1913 வரை இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கண்ணின் வெள்ளைச் சுவரில் சிறு வட்டத் துளையிட்டு நீரை வடியவிடும் அறுவையை 1909இல் இங்கே செய்யத் தொடங்கினார். அது உலகெங்கும் பரவியது. துளை திறந்தபடி இருந்ததால் அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைவதும், பின்னாளில் கிருமி புகுவதும் உண்டு. துளையை மூடிபோட்டு அடக்கும் டிரபெகுலெக்டமி முறையை 1968இல் இங்கிலாந்தின் கெய்ர்ன்ஸ் கொண்டுவந்தார். இன்றும் முதன்மை அறுவை அதுதான். மதுரையில் ஆரோலாப் நிறுவனம் குறைந்த விலையில் செய்யும் வடிகுழாய், அதுவும் பலிக்காத கண்களுக்குக் கைகொடுக்கிறது. ஆனால் இவை எதுவும் ‘முடித்துவைப்பவை’ அல்ல. ஆறும் புண் வடிகாலைத் தழும்பால் மூடிவிடலாம். முதல் சில வாரங்களில் தையலைத் தளர்த்த வேண்டியிருக்கலாம். ஆண்டுகள் கழித்து அழுத்தம் மீண்டும் ஏறலாம். அறுவை செய்தவரும் திரும்பி வந்தாக வேண்டும். வரவின் எண்ணிக்கை குறையும், தேவை ஒழியாது. 2019இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வில், சொட்டுக்குப் பதிலாக முதலில் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு மூன்றாண்டுவரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. மருந்து வாங்க முடியாதவருக்கு இது நல்ல வழி. ஆனால் அவர்களையும் இடையில் சோதித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

திரும்பி வருவது சிகிச்சை முடிவையே மாற்றும் என்பதற்குக் குறுகிய கோணக் கண்கள் நல்ல உதாரணம். 1998இல் வெளிவந்த வேலூர்க் கணக்கெடுப்பில் மூடிய கோண வகை 4.3 சதவீதம், தென்மாவட்டக் கணக்கெடுப்பில் அது 0.5 சதவீதம். நரம்பு கெடாதவர்களையும் நோயாளியாகக் கொள்ளும் பழைய வரையறை இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம். கோணம் மட்டும் குறுகி வேறு கேடு இல்லாத 50 பேரை வேலூரில் ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது 11 பேருக்கு அடுத்த கட்டம் வந்திருந்தது. சீனாவின் குவாங்சோ நகரில் 889 பேரின் ஒரு கண்ணுக்கு மட்டும் லேசரால் ஐரிஸில் துளையிட்டு, மறு கண்ணை அப்படியே விட்டு ஆறாண்டு பார்த்தார்கள். லேசர் ஆபத்தைப் பாதியாக்கியது. ஆனால் செய்யாத கண்களிலும் ஆபத்து மிகக் குறைவாகவே இருந்தது. எல்லோருக்கும் லேசர் வேண்டாம் என்பது அங்கே வந்த முடிவு. அதை அப்படியே இங்கே எடுத்துவைக்க முடியாது. ஆண்டுதோறும் வரக்கூடியவரை லேசர் இல்லாமல் கவனித்து வரலாம். இனி எப்போது வருவார் என்று தெரியாதவருக்கு இன்றே செய்துவிடுவது நியாயம். மருத்துவர் படித்த ஆய்வைப்போலவே நோயாளியின் பஸ் வசதியும் இங்கே ஓர் ஆதாரம்.

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் காரிமங்கலத்துக்கு நிபுணர்கள் எட்டாத தூரத்தில் இல்லை. தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலத்தின் பெரிய கண் மருத்துவமனைகளும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். குறைவாக இருப்பது தொடர்ச்சி. அதற்கான உறுப்புகள் தனித்தனியே ஏற்கெனவே உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர்கள் பணிபுரிகிறார்கள். நரம்பு வட்டைப் படமெடுத்து நிபுணருக்கு அனுப்புவது இன்று கடினமல்ல. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறது. வலியில்லாமல் உள்ளே அரிக்கும் நாள்பட்ட நோய் என்ற வகையில் கிளாக்கோமாவும் அவற்றின் இனம்தான். மாத்திரையோடு வரும் ஊழியர், சொட்டு தீர்ந்துவிட்டதா, அடுத்த சோதனைத் தேதி எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது புதிய துறை எதையும் உருவாக்காமலே செய்யக்கூடியது. ஊழியருக்கு வேலைப்பளு ஏற்கெனவே அதிகம் என்பார்கள், சரிதான். ஆனால் இங்கே கேட்பது ஊர் முழுக்கத் தேடுவதை அல்ல, நோய் உறுதியான சிலரின் பெயர்ப் பட்டியலைக் கைவிடாமல் இருப்பதை.

கண்புரைத் திட்டங்கள் தங்கள் சாதனையைச் செய்த ஆபரேஷன்களின் எண்ணிக்கையால் அளக்கின்றன. அந்த நோய்க்கு அது பொருத்தமான அளவுகோல். கிளாக்கோமாவுக்கும் அதே பழக்கத்தில் ‘சோதிக்கப்பட்டோர் இத்தனை ஆயிரம்’ என்று அறிக்கை எழுதினால், கண்ணுக்குத் தெரியாத நோயைக் கண்ணுக்குத் தெரியாத தோல்வியால் எதிர்கொண்டவர்களாவோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: போன ஆண்டு நோய் உறுதியான நூறு பேரில், இந்த ஆண்டு இரண்டாவது ஃபீல்டு டெஸ்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? வராதவர்களைத் தேடி யாராவது போனார்களா? இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருக்கும் மருத்துவமனைதான் கிளாக்கோமாவுக்கு வைத்தியம் செய்கிறது. மற்றவை அழுத்தத்தை அளந்து அனுப்புகின்றன, அவ்வளவே.